பழைய மடிக்கணினியா, புதிய மாடலா: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டால் எங்கள் கடைப் படியேறுபவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான்: "கையில் முப்பத்தைந்தாயிரம் இருக்கிறது. பெட்டி பிரிக்காத புதியதை எடுக்கலாமா, நீங்கள் சரிசெய்து விற்கும் பழையதை எடுக்கலாமா?" கூட்ட நேரத்தில் கல்லாவில் நின்றபடி சொல்லும் பதில் அரைகுறையாகவே அமைகிறது என்பதால் அதை எழுதியே தந்துவிடுவது என்று முடிவு செய்தோம். இரண்டையும் நாங்கள் விற்கிறோம். பழையதில் எங்களுக்கு லாபம் சற்றுக் கூடுதல் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அதை மனத்தில் வைத்துக்கொண்டே மேற்கொண்டு படியுங்கள்.

ரீஃபர்பிஷ்ட் என்று நாங்கள் விற்பவை பெரும்பாலும் ஐடி நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் குத்தகைக்கு எடுத்துப் பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தவை. லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லாட்டிடியூட் 7490, எச்பி எலைட்புக் 840 ஜி5 ஆகிய மூன்றும் எங்களிடம் அதிகம் வரும். மூன்றுமே 2018-இல் வெளிவந்தவை. அலுவலகங்களுக்கென்றே செய்யப்பட்டதால் புதிதாக இருந்தபோது இன்றைய மலிவு மாடல்களைவிடப் பல மடங்கு விலையுள்ளவை. அந்த விலை எங்கே போயிற்று என்பது திரையைத் திறந்து மூடும்போது தெரியும்: இத்தனை ஆண்டு உழைத்த பிறகும் கீல் ஆடுவதில்லை. அடிமூடியைக் கழற்றினால் ராமுக்கு (வேலை நடக்கும்போது தகவலைத் தாங்கும் நினைவகம்) இரண்டு ஸ்லாட்டுகள், அதாவது செருகும் இடங்கள், இருக்கும். இன்று 8 ஜிபியோடு வாங்கிவிட்டு, அடுத்த ஆண்டு கையில் பணம் வரும்போது இன்னொரு 8 ஜிபியைச் செருகிக்கொள்ளலாம். டி480-இன் வெளி பேட்டரியை மாற்ற ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம், அடியில் உள்ள இரண்டு தாழ்களைத் தள்ளினால் கையோடு வந்துவிடும்.

ஆனால் பழையதில் ஓர் எல்லைக்கோடு உண்டு. அதற்குக் கீழே எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை (பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உட்பட) மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கோ, இன்டெல் நிறுவனத்தின் புராசசர் (கணினியின் மூளையான சிப்) என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். ஐ5-8350யூ என்று எழுதியிருந்தால் கோடுக்குப் பின் வரும் முதல் எண் 8, எனவே அது எட்டாம் தலைமுறை. ஐ5-7200யூ ஏழாம் தலைமுறை. வித்தியாசம் ஓர் எண்தானே என்று எண்ணிவிட வேண்டாம்: ஏழாம் தலைமுறையின் அந்த ஐ5-இல் இரண்டு கோர்கள் (ஒரே நேரத்தில் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள்), எட்டாம் தலைமுறையின் ஐ5-8250யூவில் நான்கு. ஆறாம், ஏழாம் தலைமுறைச் சரக்கு எங்களிடம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளத் தெரிந்தவர் கேட்டால் மட்டுமே கொடுக்கிறோம்.

புதியதின் பக்கமும் ஒரு கண்கட்டு இருக்கிறது. ஏஎம்டி ரைசன் 5 7520யூ என்ற புராசசர் ஸ்டிக்கரைப் பார்த்தவர்கள் 7000 வரிசை என்பதால் அண்மைக்கால வடிவமைப்பு என்று நம்பிவிடுகிறார்கள். அந்த எண்ணின் மூன்றாம் இலக்கமான 2, உள்ளே இருப்பது ஜென் 2 என்ற ஏஎம்டி வடிவமைப்பு என்று சொல்கிறது. ஜென் 2 சந்தைக்கு வந்தது 2019-இல். அது மோசமான புராசசர் என்று சொல்ல வரவில்லை, பெயர் காட்டும் அளவுக்குப் புதியதும் இல்லை. மேலும் அதற்கான ராம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், எனவே 8 ஜிபி என்று வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். 2025 இறுதியிலிருந்து ராம் விலை ஏறியிருக்கும் நிலையில் நிறுவனங்கள் முதலில் குறைக்கப் பார்ப்பதும் ராமின் அளவைத்தான். அதே பணத்துக்கு இன்டெல் ஐ3-1215யூ (இது 12-ஆம் தலைமுறை), கூடுதல் ராம் ஸ்லாட்டுடன் கிடைத்தால் தயங்காமல் புதியதையே எடுங்கள். எட்டாம் தலைமுறை ஐ5-ஐ அது வேகத்தில் முந்திவிடும்.

பழையதின் குறைகளை மறைக்க விரும்பவில்லை. முதலாவது பேட்டரி. எவ்வளவு கொள்ளளவுக்குச் செய்யப்பட்டது, இன்று எவ்வளவு நிற்கிறது என்ற இரண்டு எண்களும் விண்டோஸ் தரும் பேட்டரி அறிக்கையில் இருக்கும். அதை அச்செடுத்து பில்லோடு இணைத்துத் தருகிறோம். அடுத்தது திரை. இதே மாடல்களில் 1366 × 768 திரையுடன் வந்தவையும் உண்டு, நாள் முழுவதும் படிப்பவருக்கு அது ஆகாது. 1920 × 1080 என்று கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது குறையை ஒரு வாடிக்கையாளரின் வீட்டில்தான் கற்றுக்கொண்டோம். எங்களிடம் வாங்கிய மடிக்கணினியை அவருடைய மகன் ரீசெட் செய்து வைஃபையில் இணைத்தவுடன், முன்பு அதை வைத்திருந்த நிறுவனத்தின் லாகின் பக்கம் வந்து நின்றுவிட்டது. அந்த நிறுவனம் தன் பதிவேட்டிலிருந்து அதை நீக்காமலே விற்றிருக்கிறது. நாங்களும் இணையத்தில் இணைத்துப் பார்க்காமலே அடுக்கில் வைத்திருக்கிறோம். அன்றே வேறொன்று மாற்றிக் கொடுத்தோம். அதன் பிறகு விண்டோஸைப் புதிதாக ஏற்றி, இணையத்தில் இணைத்து, பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்டு எதுவும் இல்லை என்று பார்த்த பின்பே எந்த மடிக்கணினியையும் விலைக்கு வைக்கிறோம். வேறெங்கு வாங்கினாலும் இவற்றை உங்கள் கண்ணெதிரே செய்து காட்டச் சொல்லுங்கள்.

பாடக்குறிப்பு, எக்செல், டேலி, இணைய வகுப்பு, சி, பைத்தான் போன்ற நிரல் பயிற்சி ஆகியவற்றுக்கு எட்டாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலான வேகமான சேமிப்பகம்) இருந்தால் போதும். கட்டடக்கலை மாணவர்களும், ரெவிட் போன்ற முப்பரிமாண மென்பொருள்களோ வீடியோ எடிட்டிங்கோ செய்பவர்களும், தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவைப்படுபவர்களும் பழையதன் பக்கமே வர வேண்டாம். பட்ஜெட் ஐம்பதாயிரத்தைத் தாண்டினாலும், பிளக் பாயிண்ட் கிடைக்காத இடங்களில் நாள் முழுவதும் வேலை இருந்தாலும் புதியதே நல்லது.

பழையதற்கு எங்கள் கடையின் வாரண்டி ஓர் ஆண்டு, பேட்டரிக்கு மட்டும் ஆறு மாதம். வாங்க வரும்போது எந்தத் துறை, எந்த மென்பொருள் என்பதைக் கல்லூரியில் கேட்டு ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். முடிந்தால் பயன்படுத்தப்போகும் பிள்ளையையும் அழைத்து வாருங்கள், கீபோர்டைத் தட்டிப் பார்க்க வேண்டியவர் அவர்தான்.

இங்ஙனம்,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்