தகட்டில் சாரம் ஒட்ட உதவியவர்களுக்கு

தோட்டத்து உறவுகளுக்கும் ஹட்டன், பேராதனை நண்பர்களுக்கும் வணக்கம்.

முறிந்த எலும்புக்கு வைக்கும் உலோகத் தகட்டில், புது எலும்பு ஏறி வளர கட்டடச் சாரம்போல ஒரு பிளாஸ்டிக் சாரத்தை ஒட்டுவதுதான் என் இறுதியாண்டு ஆய்வு. அது போன வாரம் முடிந்தது. அதில் உங்கள் கையும் இருக்கிறது.

அம்மா கொழுந்துக் கூடையோடு மலையில் சறுக்கி விழுந்து கால் முறிந்தது உங்களுக்குத் தெரியும். எலும்போடு உலோகத் தகடு (பிளேட்) வைத்தார்கள், எழுந்து நடந்தார். அன்றைக்கு டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து எனக்குப் பொறுமையாக விளக்கினார். இப்படித் தகடு செய்கிற டைட்டேனியம் என்ற உலோகம் எலும்பைவிட ஐந்து மடங்குக்கு மேல் விறைப்பானது. பாரத்தை அதுவே தாங்கிக்கொண்டால் பக்கத்து எலும்பு வேலையில்லாமல் மெலிந்துவிடும். எலும்பு நொறுங்கிப்போன இடைவெளியில் புது எலும்பு வளர, ஏறிப் பிடிக்க ஏதாவது வேண்டும். என் ஆய்வுக்கு வித்து அதுதான். நன்றி டொக்டர்.

நான் எடுத்த பொருள் பொலிகாப்ரோலாக்டோன் என்ற, உடம்புக்குள் மெல்லக் கரையும் பிளாஸ்டிக். சுமார் 60 பாகையிலேயே உருகும். தேத்தண்ணிக்குக் கொதிக்கிற நீரில் போட்டால் இளகிவிடும். உடம்புக்குள் கரைய இரண்டு வருடத்துக்கு மேல் எடுக்கும். இதை முப்பரிமாண (3D) பிரின்டரில் அரை மில்லிமீற்றர் துளைகளோடு சாரமாக அச்சிட்டு உலோகத் தகட்டோடு சேர்க்க வேண்டும். பாரம் தகட்டுக்கு, வளரும் எலும்புக்குச் சாரம்.

ஆனால் ஒட்டவே இல்லை! நகத்தால் நெம்பினால் தோல் உரிவதுபோல் முழுதாகக் கையோடு வந்தது. தருவதாகச் சொன்ன டைட்டேனியம் தகடும் ஓரிடத்திலிருந்து கடைசிவரை வரவில்லை. ஆய்வுகூட அண்ணன் துருப்பிடிக்காத எஃகுத் தகடு தேடித் தந்திராவிட்டால் அத்தோடு நின்றிருப்பேன்.

அப்புறம் ஹட்டன் டயர் கடை அண்ணன். பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அந்தத் துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “தங்கச்சி, டியூப்புக்கு ஒட்டுப் போட முன்ன உரசுறோம்தானே, இதையும் உரசிப் பாருங்க” என்றார். தகட்டை உரசிச் சொரசொரப்பாக்கினேன், பிடித்தது. தொழிற்சாலை ஃபிட்டர் மாமா ஒருபடி மேலே போய், தகட்டில் சின்னச் சின்னத் துளைகள் போட்டுத் தந்தார். உருகிய பிளாஸ்டிக் அதற்குள் இறங்கி, மறுபக்கம் ஆணித்தலைபோல் விரிந்து இறுகிக்கொண்டது. அதற்குப் பிறகு நகத்தால் என்ன, குறடாலும் உரிக்க முடியவில்லை. மாமா, ஞாயிற்றுக்கிழமை ஓய்வை எனக்காக விட்டீர்கள்.

இது இன்னும் ஆய்வுகூடத் துண்டுதான். ஆளுக்கு வைக்க எத்தனையோ சோதனை பாக்கி.

பேராதனைக்கு பஸ் காசு சேர்த்துத் தந்த லயத்து அக்காமாருக்கும், வலியோடு மலையேறிய அம்மாவுக்கும் நன்றி. தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறேன். துண்டையும் கொண்டுவருவேன், எல்லாரும் கையில் வாங்கிப் பாருங்கள்.