மெக்சிகோ போகுமுன் பெயரைச் சரிபாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இணையம் வழியே வெளிநாட்டு வேலை எடுத்துச் செய்யும் மலையகப் பிள்ளைகள் மெக்சிகோவில் குடியேறித் தொழில் நடத்தலாம் என்று உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரை பலரை யோசிக்க வைத்திருக்கிறது. ஐரோப்பாவை விட வாடகை குறைவு, சிறு தொழிலுக்கு வரி குறைவு, மலைக் குளிர் நமக்குப் பழகியது என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது உண்மைதான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம் என்றால் மெக்சிகோ நகரம் 2,240. ஆனால் எந்தக் காகிதத்துக்குப் பிறகு எந்தக் காகிதம் என்ற வரிசையும், நம்மவர்களின் பெயர் அங்கே போய்ச் சிக்கிக்கொள்ளும் விதமும் அந்தக் கட்டுரையில் இல்லை. ஆட்கள் தடுக்கி விழுவது இந்த இரண்டிலும்தான்.

முதலில் பணம். தற்காலிக வதிவிட விசாவுக்கு மெக்சிகோ கேட்கும் தொகை அந்த நாட்டுக் குறைந்தபட்ச நாட்சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. கடந்த ஆறு மாதமும் மாதந்தோறும் 300 நாட்சம்பளம் அளவு வருமானம் வந்திருக்க வேண்டும். அல்லது கடந்த பன்னிரண்டு மாதமும் வங்கியில் சராசரியாக 5,000 நாட்சம்பளம் அளவு மீதி இருந்திருக்க வேண்டும். குறைந்தபட்ச நாட்சம்பளம் 2024இல் 248.93 பெசோ, 2025இல் 278.80 பெசோ. 2025 கணக்குப்படி மாத வருமானம் 83,640 பெசோ, அதாவது நாலாயிரம் அமெரிக்க டொலருக்கு மேல். சேமிப்பு என்றால் எழுபதாயிரம் டொலர் அளவில் போகும். தூதரகத்துக்குத் தூதரகம் தொகை சற்று மாறும். இதை மறைத்துவிட்டு ‘மெக்சிகோ மலிவு’ என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. மாதம் அறுநூறு எழுநூறு டொலர் உழைப்பவருக்கு இந்தக் கதவு இப்போதைக்குத் திறக்காது.

சேமிப்பைக் காட்டுபவர்கள் ‘சராசரி’ என்பதைக் கவனிக்க வேண்டும். பதினொரு மாதம் வெறுங்கணக்கு, கடைசி மாதம் கடன் வாங்கி எழுபதாயிரம் போட்டால் சராசரி ஆறாயிரத்தைக்கூடத் தொடாது. கணக்கு விண்ணப்பதாரியின் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். அண்ணன் கணக்கில் விழுந்த டொலர் உங்கள் வருமானம் ஆகாது. சம்பளச் சிட்டையும் முதலாளி கடிதமும் இல்லாத சுயதொழிலாளரின் வருமானத்தைச் சில தூதரகங்கள் இலகுவில் ஏற்பதில்லை. ஆகவே என்ன ஆதாரம் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையருக்கான விசாவைப் புதுடெல்லியில் உள்ள மெக்சிகோ தூதரகம் கவனிக்கிறது. நேர்முகத்துக்கு ஆள் நேரில் போக வேண்டும். அமெரிக்க, கனடா, பிரித்தானிய, ஜப்பான் அல்லது ஷெங்கன் விசா செல்லுபடியாக இருந்தால் மெக்சிகோ விசா இல்லாமலே சுற்றுலாப் பயணியாக உள்ளே போகலாம், ஆகக்கூடியது 180 நாள். அப்படிப் போய் அங்கிருந்தபடியே வதிவிட அட்டைக்கு மாறிக்கொள்ளலாம் என்று சிலர் நம்புகிறார்கள். குடும்ப உறவு போன்ற சில காரணங்கள் தவிர அப்படி மாற வழி இல்லை. வெளியே வந்து தூதரகத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். (மெக்சிகோ வழியாக அமெரிக்கா என்று ஆள் சேர்க்கும் தரகர்களுக்கும் இந்தக் கடிதத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர்கள் பேச்சைக் கேட்டுக் காணியை விற்காதீர்கள்.)

இனிப் பெயருக்கு வருகிறோம். தோட்டங்களில் பிறந்த பலருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு எழுத்து, கடவுச்சீட்டில் இன்னொரு ஆங்கில எழுத்துக்கூட்டல். இங்கே கிராம உத்தியோகத்தர் ‘இருவரும் ஒருவரே’ என்று ஒரு கடிதம் தந்தால் காரியம் நடந்துவிடும். மெக்சிகோவில் அந்தக் கடிதத்துக்கு மதிப்பில்லை. அங்கே ஆளுக்கு ஒரு பெயரும் இரண்டு குடும்பப் பெயர்களும், தகப்பன் வழி ஒன்று, தாய் வழி ஒன்று. நமக்கோ குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. கடவுச்சீட்டில் அந்த இடத்தை அப்பாவின் பெயர் நிரப்புகிறது.

இதனால் என்ன ஆகிறது என்று ஓர் உதாரணம். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் பெரியசாமி, மற்றப் பெயர் செல்வகுமார், பிறந்த நாள் 1990 மே 14 என்று வைத்துக்கொள்வோம். வதிவிட அட்டையோடு வரும் மக்கள் பதிவு எண்ணைக் கூர்ப் என்பார்கள், மொத்தம் 18 எழுத்து. குடும்பப் பெயரின் முதல் எழுத்தும் முதல் உயிரெழுத்தும் பி, ஈ, தாய்வழிப் பெயர் இல்லாததால் அந்த இடத்தில் எக்ஸ், பிறகு பெயரின் முதல் எழுத்து எஸ், அடுத்து 900514, ஆண் என்பதற்கு எச், வெளிநாட்டில் பிறந்தவர் என்பதற்கு என், ஈ, பிறகு மூன்று மெய்யெழுத்து, கடைசியில் இரண்டு குறி. வரி எண்ணான ஆர்.எஃப்.சி. 13 எழுத்து. ஒரே குடும்பப் பெயர் உள்ளவருக்கு அதை ஆக்கும் விதி வேறு: குடும்பப் பெயரின் முதல் இரண்டு எழுத்து, பெயரின் முதல் இரண்டு எழுத்து. ஆக கூர்ப் பி-ஈ-எக்ஸ்-எஸ் என்று தொடங்க, வரி எண் பி-ஈ-எஸ்-ஈ என்று தொடங்கும். இரண்டும் சரியே. ஆனால் மெக்சிகோக்காரர் ஒருவருக்கு இரண்டும் பெரும்பாலும் ஒரே மாதிரித் தொடங்குவதால், ‘இது பிழை, திருத்திக்கொண்டு வாருங்கள்’ என்று வங்கி எழுத்தர் திருப்பி அனுப்பக்கூடும். வரித் திணைக்களமான சாட் தரும் பதிவுச் சான்றை, கொன்ஸ்தான்சியா என்று கேட்டால் புரியும், அச்செடுத்துக் கூடவே கொண்டுபோங்கள். எழுத்தரோடு வாதாடாமல் அதில் அச்சாகியிருக்கும் கூர்ப், ஆர்.எஃப்.சி. இரண்டையும் காட்டினால் போதும்.

ஆகவே இங்கேயே செய்ய வேண்டியது இது. பிறப்புச் சான்றிதழில் பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் முதலில் திருத்துங்கள். அதற்குப் பிறகு அடையாள அட்டை, கடைசியில் கடவுச்சீட்டு. வரிசையை மாற்றினால் செலவு இரட்டிப்பு. சான்றிதழை ஆங்கிலத்தில் பெயர்க்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கடவுச்சீட்டைக் காட்டி அதே எழுத்துக்கூட்டலைப் போடச் சொல்லுங்கள். முருகையாவை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள். பத்தரமுல்லையில் வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் சான்றுறுதி எடுத்த பிறகே பயணம். ஸ்பானிய மொழிபெயர்ப்பை இங்கே செய்துகொண்டு போவதில் பயன் குறைவு. மெக்சிகோ அலுவலகங்கள் அங்கே அங்கீகாரம் பெற்ற பெரீத்தோ மொழிபெயர்ப்பாளரின் முத்திரையைத்தான் கேட்கும். டெல்லியில் விசா ஒட்டிய கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அங்கே விழுந்த பிழை அட்டைக்குப் போகும், அட்டையிலிருந்து கூர்ப்புக்கு, வரி எண்ணுக்கு, வங்கிக்கு.

விசா 180 நாள் செல்லும், ஒரு தடவைதான் உள்ளே போகலாம். இறங்கும் விமான நிலையத்தில் அதிகாரி உங்களைச் சுற்றுலாப் பயணியாகப் பதிந்துவிடக் கூடாது. விசாப் பக்கத்தைத் திறந்து நீட்டி, ‘கான்ஹே, 30 நாள்’ என்று சொல்லுங்கள்; கான்ஹே என்றால் விசாவை அட்டையாக மாற்றுவது. அந்த 30 குறிக்கப்பட்டதா என்று பார்த்துவிட்டு நகருங்கள். இறங்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் விசாவை அட்டையாக மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். முதல் அட்டை ஓர் ஆண்டுக்கு. புதுப்பிப்பு, காலாவதிக்கு முந்தைய 30 நாளுக்குள். தற்காலிக வதிவிடம் மொத்தம் நாலு ஆண்டு, அதற்குப் பிறகு நிரந்தரம். வீடு மாறினாலும் கல்யாணம் முடித்தாலும் 90 நாளுக்குள் அறிவிக்காவிட்டால் தண்டம்.

வாடிக்கையாளர் எல்லோரும் வெளிநாட்டில், பணமும் வெளியிலிருந்தே வருகிறது என்றால் குடிவரவிடம் வேலை அனுமதி கேட்கத் தேவையில்லை. உள்ளூர்க் கடைக்கு இணையத்தளம் செய்து கொடுத்துப் பெசோவில் காசு வாங்குவதென்றால் அனுமதி வேண்டும். அதற்கு முதலில் ஆர்.எஃப்.சி. எடுத்து, என்ன தொழில், எந்த இடத்தில் என்று எழுதிக் கொடுத்து அனுமதி பெற்ற பிறகுதான் விலைச்சிட்டை எழுதலாம்.

சாட் அலுவலகத்தில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. அட்டை கைக்கு வந்த அன்றே வரிசையில் பெயரைப் போடுங்கள். முகவரிக்கு மின்சாரச் சிட்டை போதும். நாலு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது, வீட்டுக்காரர் பெயரில் இருந்தாலும் ஏற்பார்கள். அங்கே மின்சாரச் சிட்டை பெரும்பாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் வரும். ஆதலால் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே கடைசிச் சிட்டையின் பிரதியைக் கேட்டு வாங்கிவிடுங்கள். சாட் தரும் மின் கையொப்பம் என்பது இரண்டு கோப்பும் ஒரு கடவுச்சொல்லும். வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதும் இதைக் கணக்காளரிடம் முழுதாகக் கொடுப்பதும் ஒன்றுதான். இந்த மின் கையொப்பம் நாலு ஆண்டில் காலாவதியாகும்.

வரிக்கு ரெசிகோ என்ற எளிய முறை 2022 ஜனவரியில் வந்தது. ஆண்டு வருமானம் 35 இலட்சம் பெசோவுக்குள் இருக்க வேண்டும். மாதம் 25,000 வரை 1 வீதம், 50,000 வரை 1.1, 83,333 வரை 1.5, 208,333 வரை 2, அதற்கு மேல் 2.5. படிப்படியாக அல்ல, மொத்தத் தொகைக்கும் ஒரே வீதம்: 60,000 பெசோ வந்தால் 900 பெசோ. செலவு கழிக்க முடியாது. உதவியாளருக்குச் சம்பளம், மென்பொருள் சந்தா என்று வருமானத்தில் பெரும்பகுதி போய்விடுபவர் செலவு கழிக்கும் மற்ற முறையையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், அங்கே வீதம் 35 வரை ஏறும். அடுத்த மாதம் 17ஆம் திகதிக்குள் அறிக்கை போக வேண்டும். ஒரு சதமும் வராத மாதத்துக்கும் பூச்சிய அறிக்கை உண்டு. இதை விட்டுவிட்டுத்தான் பலர் தண்டம் கட்டுகிறார்கள். இன்னொன்று: ‘183 நாள் இருந்தால்தானே வரி’ என்ற கணக்கு அங்கே செல்லாது. மெக்சிகோவில் வீடு வைத்துக் குடியிருந்தாலே வரி வதிவாளர். உலகத்தில் எங்கிருந்து வந்த வருமானமும் கணக்கில் வரும். விற்பனை வரி 16 வீதம். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கான சேவைக்கு நிபந்தனைகளோடு பூச்சிய வீதம் கிடைக்கலாம் என்பதால் ஒப்பந்தத்தையும் வங்கி வரவையும் பத்திரப்படுத்துங்கள்.

வீடு எடுப்பதில் பெரிய முட்டுக்கட்டை அவால். அதே நகரில் சொந்த வீடோ காணியோ உள்ள ஒருவர் பிணை நிற்க வேண்டும். புதிதாகப் போனவருக்கு அது எங்கே கிடைக்கும்? அதற்குப் பதிலாகச் சட்டக் காப்பு ஒப்பந்தம் ஒன்றைக் கட்டணம் கட்டி எடுக்கலாம், அல்லது கூடுதல் முற்பணம் பேசலாம். கூரையில் தண்ணீர்த் தாங்கி இருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க ஆகாது. 20 லீற்றர் போத்தலில்தான் வாங்க வேண்டும்.

இங்கேயுள்ள சோறாக்கும் குக்கரையும் கிரைண்டரையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே 127 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். 230 வோல்ட்டுக்குச் செய்த 700 வாற் குக்கர் அங்கே 210 வாற் அளவுக்குத்தான் சூடேறும், அரிசி ஊறும், வேகாது. மடிக்கணினிச் சார்ஜரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் பிளக் மாற்றி போதும். குளிருக்குச் சூடாக்கி வாங்குபவர் கணக்குப் பார்க்க வேண்டும்: 1,500 வாற் சூடாக்கியை ஆறு மணி நேரம் போட்டால் நாளைக்கு 9 அலகு, மாதம் 270. குளிர்ப் பகுதிகளின் வீட்டுக் கட்டணத்தில் பன்னிரண்டு மாதச் சராசரி 250 அலகைத் தாண்டினால் மானியம் போய்ச் சிட்டை எகிறும். கம்பளி மலிவு. கறிவேப்பிலை தேடி அலைய வேண்டும். மல்லித்தழை, புளி, தேசிக்காய், மிளகாய் எல்லாம் சந்தையில் குவிந்து கிடக்கும்.

வேலை நேரம்: மத்திய மெக்சிகோ 2022இல் கோடைகால நேர மாற்றத்தைக் கைவிட்டதால் இலங்கையோடு வித்தியாசம் ஆண்டு முழுதும் 11 மணி 30 நிமிடம். அங்கே காலை எட்டு என்றால் இங்கே இரவு ஏழரை. இலங்கை வங்கியோடு பேச வேண்டியவர் இரவு ஒன்பதரைக்குப் பிறகுதான் பேசலாம். அந்த வங்கியின் கடவுச்சொல் குறுஞ்செய்தி எந்த இலக்கத்துக்கு வருகிறது, அந்தச் சிம் மெக்சிகோவில் வேலை செய்யுமா என்பதையும் இங்கேயே பார்த்துவிடுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மெக்சிகோவின் நாட்சம்பளம் ஒவ்வொரு ஜனவரியும் மாறுகிறது, அதோடு விசாத் தொகையும் ஏறுகிறது. புதிய தொகையை உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் ஆண்டுதோறும் ஒரு சிறு பெட்டியாகப் போட்டால், போன வருடத்துக் கணக்கை நம்பி டெல்லி வரை போய் வருபவர்களின் விமானச் செலவாவது மிஞ்சும்.

இப்படிக்கு,
ஆவண மொழிபெயர்ப்பாளர்கள் இருவர்,
ஹட்டன்.