பங்களா சாகிபில் உட்கார்ந்து சாப்பிடு

அன்புள்ள கண்ணம்மா,

டெல்லி பங்களா சாகிப் குருத்வாரா வரைக்கும் போய்விட்டு, அங்கே எல்லோருக்கும் இலவசமாகப் போடும் பந்தியான லங்கரில் சாப்பிடக் கூச்சப்பட்டுத் திரும்பிவிட்டதாகச் சொன்னாய். "காசு கொடுக்காமல் எப்படிம்மா உட்காருவது?" என்றும் கேட்டாய். ஃபோனில் அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

அது இல்லாதவர்களுக்குப் போடும் சாப்பாடு இல்லை, கண்ணு. குரு நானக் காலத்துப் பழக்கம் அது. மூன்றாவது குரு அமர் தாஸ் அதை விதியாகவே ஆக்கினார்: முதலில் பந்தி, பிறகுதான் தரிசனம். அக்பர் பாதுஷாவும் பஞ்சாபில் அந்தக் குரு இருந்த கோயிந்த்வாலில் எல்லோரோடும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகே குருவைப் பார்த்தார் என்று சீக்கியர்கள் சொல்வார்கள். உன் பாட்டி காலத்துக் கல்யாணங்களில்கூட நம் பக்கம் சாதிக்கொரு பந்தி நடந்தது. அதை நினைத்தால் அந்தப் பந்தி எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்கே புரியும். பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் சம்மதம் என்றுதான் அந்தப் பாயில் உட்காருகிறோம். இதில் கூச்சம் எதற்கு?

படேல் சௌக் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். தலையை மூடப் பருத்தித் துப்பட்டா எடுத்துப் போ, பட்டு தலையில் நிற்காது. உள்ளே சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாகிப் பக்கம் காலை நீட்டாதே. 1708-ல் நாந்தேடில் குரு கோவிந்த் சிங், தமக்குப் பின் இந்த நூலே குரு என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால்தான் விடியற்காலையில் எழுந்தருளப் பண்ணி, சாமரம் வீசி, இரவில் உறங்க வைக்கிறார்கள். கீர்த்தனை நடந்தால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேள், எல்லாம் ராகத்தில் அமைந்த பாட்டு. நெசவாளி கபீர், தோல் வேலை செய்த ரவிதாஸ், முஸ்லிம் ஞானி ஃபரீத் மூவரின் பாடல்களும் குருமார்கள் பாட்டோடு அந்த நூலில் இருக்கின்றன. எனக்கு இன்றைக்கும் அது ஆச்சரியம். கடா பிரசாதம் என்ற கோதுமை அல்வாவை இரண்டு கையையும் குவித்து வாங்கு. லங்கரில் ரொட்டியையும் அப்படியே ஏந்தித்தான் வாங்க வேண்டும். வாங்கியதை மிச்சம் வைக்காதே.

பங்களா சாகிப் இருக்கும் இடம் முன்பு ராஜா ஜெய் சிங்கின் மாளிகையாக இருந்தது. 1664-ல் அங்கே வந்து தங்கியவர் எட்டாவது குரு ஹர் கிருஷன். எட்டு வயதுகூட நிறையாத குழந்தை. ஊரெல்லாம் அம்மையும் காலராவும். அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பணிவிடை செய்து, கடைசியில் தானும் அம்மை கண்டு போய்விட்டார். குளத்துத் தண்ணீரை இன்றும் பயபக்தியோடு எடுத்துப் போகிறார்களே, அதற்குக் காரணம் அந்தப் பிள்ளைதான். உயிர் போகும் நேரத்தில் "பாபா பகாலே" என்றாராம். அடுத்த குரு பகாலா கிராமத்தில் இருக்கிறார் என்று பொருள் கொண்டு தேடிப் போனவர்கள் கண்டது தேக் பகதூரை.

அவருடைய முடிவும் இதே டெல்லியில்தான். மதம் மாறும்படி நெருக்கடிக்கு ஆளான காஷ்மீரப் பண்டிதர்கள் அவரிடம் வந்து முறையிட்டார்கள். தாம் அணியாத பூணூலுக்காக அவர் எழுந்து நின்றார். கூட வந்த மதி தாஸ், சதி தாஸ், தயாலா மூவரையும் கொன்ற பிறகும் அவர் அசையவில்லை. 1675 நவம்பரில் அவுரங்கசீப்பின் ஆணைப்படி சாந்தினி சௌக்கில் தலையை வெட்டினார்கள். அங்கேதான் சீஸ் கஞ்ச் குருத்வாரா இருக்கிறது. அவர் குளித்த கிணறும், எந்த மரத்தடியில் வெட்டினார்களோ அந்த மரத்தின் அடிப்பகுதியும் உள்ளே உண்டு. கடைவீதிக் கூட்டத்தோடு கூட்டமாக அதைத் தாண்டிப் போய்விடாதே, உள்ளே போய்ப் பார்.

தலையை எடுத்துக்கொண்டு பஞ்சாபின் ஆனந்த்பூர் வரைக்கும் போனவர் பாய் ஜைதா. தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கிய ரங்ரேட்டா குலம். பின்னாளில் குரு கோவிந்த் சிங் ஆன ஒன்பது வயது கோவிந்த், அப்பாவின் தலையைக் கொண்டு வந்தவரை மார்போடு அணைத்து, ரங்ரேட்டாக்கள் குருவின் பிள்ளைகள் என்றாராம். உடலை வண்டியில் ஏற்றி வந்தவர் லக்கி ஷா என்ற வியாபாரி. வெளியே சிதை மூட்டினால் தெரிந்துவிடும். அதனால் உடலைத் தன் வீட்டுக்குள் கிடத்தி, வீட்டுக்கே தீ வைத்தார். அந்த வீடு இருந்த இடம்தான் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்திலிருக்கிற ரகாப் கஞ்ச். சீஸ் கஞ்ச், ரகாப் கஞ்ச் இரண்டு இடத்திலும் குருத்வாரா எழுப்பியவர் சீக்கியத் தளபதி பாகேல் சிங், 1783-ல் டெல்லிக்குள் படையோடு வந்தபோது.

ரகாப் கஞ்சில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 1984-ல் இந்திரா காந்தி கொலைக்குப் பிறகு நடந்த வன்முறையில் டெல்லியில் கொல்லப்பட்ட சீக்கியர்களின் பெயர்கள் பொறித்த சுவர். நாங்கள் கரோல் பாகில் குடியேறியபோது அந்தக் காயம் ஆறவில்லை. மாடி வீட்டு சர்தார்ஜி வாசலில் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவார். அப்படிப்பட்டவர் ஞாயிறு தவறாமல் குருத்வாராவுக்குப் போய், வருகிறவர்களின் செருப்பை வாங்கி வைப்பார். யார் எவர் என்று கேட்டதில்லை. அவரோடு போய்த்தான் நானும் ரொட்டி தேய்க்க உட்கார்ந்தேன். அந்த ஊரில் எனக்கிருந்த தனிமை அங்கேதான் குறைந்தது.

வரும் ஞாயிறு காலையிலேயே போ. சாப்பிட்டதும் கிளம்பிவிடாமல் சமையல் பக்கம் போய், சேவாவுக்கு வந்திருக்கிறேன் என்று சொல். மாவு உருட்டச் சொன்னார்களா, பாத்திரம் தேய்க்கச் சொன்னார்களா என்று ராத்திரி ஃபோன் பண்ணு.

அன்புடன்,
அம்மா