ஆண்டறிக்கை 2024–25: முழங்கால் நோட்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, நாட்டுக்காக உயிர் நீத்த வீரர்களின் மனைவியரான வீரநாரியரே, வேலூர் மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் வந்திருக்கும் முன்னாள் படைவீரர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான பணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் நடந்தன. நவம்பரில் பென்ஷனுக்கான வாழ்வுச் சான்றுக்குக் கைரேகை பதியாமல் தவித்த மூத்தவர்களைக் கூடவே அழைத்துப் போய் முடித்துக் கொடுத்தோம். டிசம்பர் 7 கொடிநாள் வசூலை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒப்படைத்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகப் பேச வந்தது முழங்கால் நோட்டைப் பற்றி. முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்ட நம் உறுப்பினர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வைக்கும் நோட்டு அது.

சென்ற ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் ஒரு கேள்வி கேட்டார்: "முட்டி ஆபரேஷன் பண்ணிக்கிட்ட நம்ம ஆளுங்க இப்ப எப்படி இருக்காங்க?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர்கள் எல்லோரையும் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தவன்தான். ஆனால் எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கேன் சார்" என்ற ஒரே பதில்தான் வரும். முதுகில் பாரத்தோடு மலை ஏறி இறங்கித் தேய்ந்த கால்கள் நம்முடையவை. வலிக்கிறது என்று படைப்பிரிவின் மருத்துவ அறையான எம்.ஐ. ரூம் வாசலில் நிற்பதை அன்றைக்குக் கௌரவக் குறைச்சலாக நினைத்தோம். பென்ஷன் வாங்க ஆரம்பித்தும் அந்தப் பழக்கம் விடவில்லை.

2003 ஏப்ரலில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். தொடங்கியதால் இந்த அறுவை சிகிச்சை நம் கைக்கு எட்டியது. அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் ரெஃபரல் என்ற பரிந்துரைச் சீட்டை வாங்குகிறோம், அங்கீகரித்த மருத்துவமனையில் மூட்டை மாற்றிக்கொள்கிறோம், தையல் பிரிக்கிறார்கள், வீடு திரும்புகிறோம். அதன்பின் அந்தக் காலோடு ஒருவர் எப்படி வாழ்கிறார் என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் 2009 முதல் மூட்டு மாற்றுபவர்களிடம் அறுவைக்கு முன்பும், ஆறு மாதம் கழித்தும் ஒரே கேள்வித்தாளைக் கொடுக்கிறார்கள். முழங்காலுக்கு 12 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 48. எண் கூடக்கூடக் கால் நன்றாக இருக்கிறது என்று பொருள். ஆக்ஸ்போர்டு முழங்கால் மதிப்பெண் என்று இதற்குப் பெயர். நம் உறுப்பினர் ஒருவரின் மகள் பிசியோதெரபிஸ்ட். அவர்தான் இதை எடுத்துச் சொல்லி, கேட்கும் முறையையும் நமக்குக் கற்றுத் தந்தார்.

இரவில் வலி தூக்கத்தைக் கெடுக்கிறதா, நாற்காலியிலிருந்து எழும்போது எப்படி, படி இறங்க முடிகிறதா, கால் திடீரென மடங்கிப் போகிறதா, தனியாகக் கடைக்குப் போய் வர முடிகிறதா என்பவை அதில் உள்ள கேள்விகள். இவற்றோடு நாங்கள் மூன்றைத் தனியாகச் சேர்த்தோம். அவற்றுக்கு மதிப்பெண் கிடையாது. டவுன் பஸ் படி ஏற முடிகிறதா? கல்யாணப் பந்தியில், கோயிலில் தரையில் உட்கார முடியாதது மனத்தை வருத்துகிறதா? இந்த வாரம் எத்தனை நாள் வாசல் தாண்டினீர்கள்?

முதல் மாதமே ஒரு பாடம் கிடைத்தது. வலி எவ்வளவு என்று கேட்டதற்குச் சுபேதார் ஒருவர் பத்தில் இரண்டுதான் என்று சொன்னார். நான் எழுதிக்கொண்டிருந்தபோதே சமையலறையிலிருந்து அவர் மனைவி, "ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து காலைத் தேய்ச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறது யாராம்?" என்றார். அன்று முதல் வீட்டில் இருப்பவரிடமும் தனியாகக் கேட்டு, இரண்டு பதிலையும் எழுதுகிறோம். முழங்கால் மூட்டு மாற்றியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முழு நிறைவு கிடைப்பதில்லை என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே வலி மிச்சமிருப்பது உங்கள் மன உறுதியில் உள்ள குறை அல்ல. தயவுசெய்து மறைக்காதீர்கள்.

ஹவில்தார் ஒருவர் வலி தாங்காமல் பயிற்சியை நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. அறுவைக்குப் பின் ஆறாம் வாரம் எழுதிய பக்கத்தில் கால் சரியாக மடங்கவில்லை என்று தெரிந்ததும் அவரை மறுபடி மருத்துவரிடம் கூட்டிப்போனோம். வலி மாத்திரையின் நேரத்தை மாற்றிக் கொடுத்த பிறகு பயிற்சியைத் தொடர்ந்தார். இன்னொருவருக்கு எக்ஸ்ரேயில் புது மூட்டு ஒழுங்காக இருந்தும் வலி போகவில்லை. எங்கே, எப்போது வலிக்கிறது என்று அவர் நோட்டில் சொல்லியிருந்ததைப் படித்த மருத்துவர் இடுப்பைச் சோதித்தார். கோளாறு இடுப்பு மூட்டில் இருந்தது.

என்னை அதிகம் உறுத்தியது மூன்றாமவர். வலியே இல்லை, படி இறங்குகிறார், மதிப்பெண்ணும் நன்றாக உயர்ந்திருந்தது. வாசல் தாண்டிய நாட்கள்? ஒன்றுகூட இல்லை. விழுந்துவிடுவோமோ என்ற பயம். இப்போது நம் உறுப்பினர்கள் இருவர் தினமும் காலை ஆறு மணிக்கு அவர் வீட்டுக்குப் போய் டீக்கடை வரை கூட நடக்கிறார்கள். வலிக்கான எண்ணை மட்டும் பார்த்திருந்தால் அவரைக் கவனிக்காமலே விட்டிருப்போம்.

ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும், அது என்னுடையது. முதலில் சேர்ந்தவர்களுக்கு அறுவைக்கு முந்தைய பக்கம் இல்லை. பழைய வலியை நினைவிலிருந்து சொல்லச் சொல்லி எழுதினேன். அது சரியான கணக்கு ஆகாது. முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரியாமல் எவ்வளவு குறைந்தது என்று எப்படிச் சொல்வது? இனி ரெஃபரல் கிடைத்த அன்றே முதல் பக்கம் எழுதப்படும். பிறகு ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம்.

நோட்டில் பெயர் கிடையாது, எண்தான். அலமாரிச் சாவி என்னிடமும் தலைவரிடமும் மட்டும் இருக்கிறது. நோட்டு வைத்தியம் செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ எங்கள் வருகைக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

தனியாக வாழும் வீரநாரியர் சிலரும் மூட்டு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க ஆண்கள் போவது சரிவரவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு அமைதியாகிவிடுகிறார்கள். இந்தப் பொறுப்பை ஏற்க இரண்டு பெண்கள் தேவை. கையில் ரெஃபரல் வைத்திருப்பவர்கள் சாப்பாட்டுக்குப் போகுமுன் தாழ்வாரத்தில் உள்ள மேசைக்கு வாருங்கள். கால் மணி நேரம் ஆகும். வீட்டில் உங்களோடு இருப்பவரையும் கூட்டி வாருங்கள்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்