மூன்று நாள் வேண்டாம், மகளே

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு, பெரியம்மா எழுதுகிறேன்.

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம், இன்னும் பிள்ளை இல்லை. "மூணு நாள் தண்ணிகூடக் குடிக்காம உபவாசம் எடுக்கப் போறேன் பெரியம்மா, அப்பவாவது கர்த்தர் இரங்குவாரா?" என்று கேட்டாய். அந்த 'அப்பவாவது'தான் எனக்கு வலித்தது. நீ பட்டினி கிடந்தால்தான் திரும்பிப் பார்ப்பார் என்றா அவரை நினைத்திருக்கிறாய்?

வேதத்தில் எஸ்தர் ராணி மூன்று நாள் அப்படி இருந்தாள், உண்மைதான். யூத ஜனம் முழுவதையும் அழிக்க நாள் குறித்தாயிற்று, அழைப்பில்லாமல் ராஜாவின் முன் போய் நிற்க வேண்டும். அது அந்த வேளைக்கு உரியது. நீ சிகிச்சை எடுக்கிறவள். டாக்டரிடம் கேட்காமல் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட விடாதே. மாத்திரையை நிறுத்திவிட்டு அதை விசுவாசம் என்று சொல்லவும் சொல்லாதே.

உனக்கு எஸ்தரைவிட, பிள்ளையில்லாமல் தவித்த அன்னாள்தான் நெருக்கம். வருஷாவருஷம் ஆலயம் இருந்த சீலோவுக்குப் போய், புருஷனின் இன்னொரு மனைவி பெனின்னாளின் குத்தல் பேச்சைக் கேட்டு, சாப்பிடாமல் அழுதவள். ஆலயத்தில் உதடு மட்டும் அசைய அவள் ஜெபித்ததைப் பார்த்து, ஆசாரியரான ஏலி, அவள் குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டார். மனசில் இருந்ததையெல்லாம் ஊற்றிவிட்டு அவள் என்ன செய்தாள்? 1 சாமுவேல் முதலாம் அதிகாரம், 18ஆம் வசனத்தை இன்றைக்கு எடுத்து வாசி. போனாள், சாப்பிட்டாள், அதற்குப் பிறகு அவள் முகத்தில் துக்கம் இல்லை. மகன் சாமுவேல் பிறந்த பிறகு இல்லை மகளே, கர்ப்பம் தரிப்பதற்கும் முந்தி! கையில் ஒன்றும் கிடைக்காமலே அவளால் சாப்பிட முடிந்தது. பாரத்தை இறக்கி வைத்துவிட்டாள். உபவாசம் அதற்குத்தான் என்று நான் நம்புகிறேன்.

ஆச்சியை உனக்கு வயசான காலத்தில்தான் தெரியும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போது, வெள்ளிக்கிழமையானால் எங்களுக்கு உலை வைத்துவிட்டு, தன் பங்கு அரிசியை உழக்கில் அளந்து தனியாக ஒரு ஓலைப்பெட்டியில் கொட்டுவாள். பிறகு ஒரு சாக்கை நாலாக மடித்துப் போட்டு, அடுப்பங்கரையிலேயே முழங்கால் போடுவாள். சோறு கொதிக்கிற மணம் மூக்கில் ஏற ஏற அவள் ஒவ்வொரு பேராகச் சொல்லி ஜெபிப்பாள். மாசக் கடைசியில் அந்த அரிசி எதிர்வீட்டு விதவைப் பாட்டிக்குப் போகும். அது எங்கிருந்து வந்தது என்று ஆச்சி ஒருநாளும் சொன்னதில்லை. உபவாச நாளில் மிச்சமான சாப்பாட்டின் விலையைக் கணக்கிட்டு விதவைக்கும் அநாதைக்கும் கொடுக்கச் சொல்லி, ஹெர்மாஸ் என்பவருடைய இரண்டாம் நூற்றாண்டு நூலிலேயே இருக்கிறது. ஆச்சி அதைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. பசித்தவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்து கொடு, அதுவே உபவாசம் என்கிற ஏசாயா 58 அவளுக்குப் போதும்.

நான் அவளைப்போல இருக்கவில்லை. உன் பெரியப்பாவுக்கு வேலை போன வருஷம், 21 நாள் பகல் உபவாசம் எடுத்தேன். சபையில் கேட்டவர்களுக்கெல்லாம் இன்றைக்கு எத்தனையாவது நாள் என்று எண்ணிச் சொன்னேன். சாயங்காலமானால் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன். பதினோராம் நாள், பாலைக் கொட்டியதற்காகச் சின்னவனை அடித்துவிட்டு, அந்தக் கையையே கூப்பி ஜெபிக்க உட்கார்ந்தேன். ஒரு வார்த்தையும் வரவில்லை. எழுந்து போய் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த 21 நாளில் கர்த்தருக்குப் பிரியமானது அது ஒன்றுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆகையால் மூன்று நாள் வேண்டாம். டாக்டர் சம்மதித்தால், வருகிற வெள்ளிக்கிழமை காலை ஆகாரத்தை மட்டும் விடு. தண்ணீர் குடி. சாப்பிடுகிற அந்த அரைமணி நேரம் போனைத் தள்ளி வைத்துவிட்டு முழங்கால் போடு. அழுகை வந்தால் அழு. டாக்டர் வேண்டாம் என்றால், சாப்பிட்டுவிட்டு முழங்கால் போடு. உன் பங்குக்கு நான் இங்கே சாப்பிடாமல் இருக்கிறேன்.

பன்னிரண்டு மணிக்குப் போன் பண்ணுகிறேன், சேர்ந்து ஜெபிப்போம். ஆமென் சொன்னதும் இரண்டு பேரும் போய்ச் சாப்பிட வேண்டும். என்ன குழம்பு வைத்திருக்கிறாய் என்று கட்டாயம் கேட்பேன்.

உன் பெரியம்மா