ரிமோட்டில் அழிந்துபோன இரண்டு எண்கள்

லாஸ் ஏஞ்சலஸ்

அன்புள்ள சேகர்,

மகளின் கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. முழங்கால் ஒத்துழைத்தால் கட்டாயம் வருவேன். மாப்பிள்ளை புதிதாகத் தொடங்கும் டிவி சேனலில் சேர்ந்திருக்கிறார், அது நிலைக்குமா என்று கேட்டிருந்தாய். அவர் சேனலைப் பற்றி எனக்கென்ன தெரியும்? நான் இங்கே விளம்பர ஏஜென்சியில் இருந்த காலத்தில் கண்ணெதிரே ஒன்று வந்து போனது. அதைச் சொல்கிறேன்.

2012 ஆகஸ்டில் முண்டோஃபாக்ஸ் என்ற ஸ்பானிஷ் சேனல் வந்தது. அமெரிக்க டிவி கம்பெனி ஃபாக்ஸும் கொலம்பிய டிவி கம்பெனி ஆர்சிஎன்னும் கூட்டு. பணத்துக்குப் பஞ்சமில்லை. 2010 கணக்கெடுப்பில் அமெரிக்காவில் லத்தீனோக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சத்துக்காரர்கள், 5 கோடியைத் தாண்டியிருந்தார்கள். "நூற்றுக்கு ரெண்டு பேர் பார்த்தாலே போதுமே" என்று எங்கள் ஆபீஸில் ஆளாளுக்குக் கணக்குப் போட்டார்கள். நானும்தான்.

அப்போது எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு மெக்சிகோ பாட்டி இருந்தார். கேபிள் கிடையாது, கூரை ஆன்டெனாதான். புது சேனல் இங்கே 22-இல் வந்தது. நானே போய் வைத்துக் கொடுத்தேன். ஐந்து நிமிடம் மரியாதைக்குப் பார்த்துவிட்டு, "எல் த்ரெயின்தா இ குவாத்ரோ" என்று ரிமோட்டை வாங்கிக்கொண்டார். 34. அது ஸ்பானிஷ் சேனல்களில் முதலிடத்தில் இருந்த யூனிவிஷனின் நிலையம், 1962-இலிருந்து ஓடுகிறது. அந்த ரிமோட்டில் 3, 4 இரண்டு பட்டன்களிலும் எழுத்தே இல்லை, தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. 22-ஐ அழுத்தவேண்டிய 2 புத்தம்புதிதாக மின்னியது.

பாட்டியைக் குறை சொல்ல முடியாது. அப்போது அமெரிக்காவில் இருந்த லத்தீனோக்களில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு மெக்சிகோ வம்சம். மெக்சிகோவின் பெரிய நாடகக் கம்பெனி டெலிவிசா. அதன் தொடர்கள் அப்போது நீண்டகால ஒப்பந்தப்படி யூனிவிஷனுக்குத்தான் போயின. பாட்டி ஊரில் பார்த்த அதே முகங்கள், அதே பேச்சு. புது சேனலோ கொலம்பியத் தொடர்களோடு வந்தது. எடுத்த விதத்தில் குறையில்லை. ஆனால் அந்த ஸ்பானிஷ் பாட்டியின் காதுக்கு வேற்றூர்ப் பேச்சு. இரண்டாம் இடத்தில் இருந்த டெலிமுண்டோ சும்மாவா இருந்தது? பெரிய ஆங்கில சேனலான என்பிசி 2002-இலேயே அதை வாங்கிவிட்டது. அந்தப் பலத்தோடு சொந்தமாகவே தொடர்கள் எடுத்தது.

மெக்சிகோ சரக்கு மட்டும் இருந்தாலும் போதாது, சேகர். மெக்சிகோ கம்பெனியே 2001-இல் கொண்டுவந்த அஸ்தேகா அமெரிக்கா இருபது வருஷம் மூச்சுவாங்கிவிட்டு 2022 கடைசியில் அடங்கியது.

நான் கிட்டே இருந்து பார்த்தது நிலையங்களின் சங்கதி. இங்கே 22 தெளிவாக வந்தது. பல ஊர்களில் முண்டோஃபாக்ஸை ஒளிபரப்பக் கிடைத்தவை குறைந்த சக்தி கொண்ட சிறு நிலையங்கள்தான். நல்ல அலைவரிசைகளையெல்லாம் பழைய இருவரும் எப்போதோ வளைத்துப் போட்டிருந்தார்கள். விளம்பரக்காரர்களோ சீசன் தொடங்குமுன்பே பெரும்பணத்தைப் பெரிய சேனல்களுக்குப் பங்கிட்டுவிடுவார்கள். மிச்சம்மீதிதான் புதியவனுக்கு. ரேட்டிங் இல்லாமல் விளம்பரம் வராது, விளம்பரம் இல்லாமல் நல்ல நிகழ்ச்சி எடுக்க முடியாது, நல்ல நிகழ்ச்சி இல்லாமல் ரேட்டிங் ஏது? கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்பார்களே, அந்தக் கதைதான்.

முண்டோஃபாக்ஸ்காரர்கள் குறிவைத்தது பாட்டியை அல்ல, பேரனை. "அமெரிக்கானோ கோமோ தூ", உன்னைப் போல அமெரிக்கன், என்பதுதான் அவர்களின் வாசகம். ஆனால் அந்தப் பேரனுக்கு இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. ராத்திரி அவன் அறையில் ஆங்கிலத் தொடர்தான் ஓடும். ஸ்பானிஷ் பார்ப்பதானால் கூடத்தில் பாட்டியோடு உட்கார்ந்துதான். கூடத்தில் ரிமோட் யார் கையில்? 2013 ஜூலையில் 18 முதல் 49 வயதுக்காரர்களிடையே ஆங்கில சேனல்களையெல்லாம் தாண்டி யூனிவிஷன் முதலிடம் பிடித்தது. பாட்டியை விடாமல் பேரனையும் பிடித்துவைத்திருந்தார்கள்.

2015-இல் ஃபாக்ஸ் தன் பங்கை ஆர்சிஎன்னுக்கு விற்றுவிட்டு விலகியது. முண்டோமேக்ஸ் என்று பெயர் மாற்றினார்கள், செய்திப் பிரிவை மூடினார்கள். 2016 நவம்பர் கடைசியோடு சேனலே இல்லை. பாட்டியிடம் சொன்னபோது "எந்த சேனல்?" என்றார்.

மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லிக் கல்யாண நேரத்தில் கலவரப்படுத்தாதே. அவர்கள் சேனல் கேபிளில் எத்தனையாவது எண்ணில் வரப்போகிறது என்று மட்டும் சாதாரணமாகக் கேட்டுப் பார்த்து எழுது. முழங்கால் எக்ஸ்ரே செவ்வாய்க்கிழமை. பார்த்துவிட்டு டிக்கெட் போடுகிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்
ராமு