ஓடி வந்தவருக்குப் பெயர் இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பக்கத்தில் தொலைபேசி பிறந்த கதையைப் படித்தேன். “உடையில் அமிலம் கொட்டியதும் பெல் கூப்பிட்டார், அடுத்த அறையிலிருந்து உதவியாளர் ஓடி வந்தார்” என்று ஒரு வரி. அவ்வளவுதான். ஓடி வந்தவர் யார் என்று கட்டுரை முழுக்கத் தேடினேன், பெயரே இல்லை. பல வருடங்களாகத் தங்கள் இதழைப் படிப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன், மனது கஷ்டப்பட்டது.

ஓடி வந்தவர் தாமஸ் வாட்சன். அவரைத் தங்களுக்குத் தெரியாமல் இருக்காது. குதிரை லாயத்தில் வேலை பார்த்தவரின் மகன். பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு, பாஸ்டனில் மின்கருவிகள் செய்யும் பட்டறையில் சேர்ந்தவர். 1875 ஜூன் 2 அன்று, ஒரே கம்பியில் பல தந்திகளை அனுப்பும் சோதனையில், ஒட்டிக்கொண்ட எஃகுப் பட்டையை அவர் விரலால் சுண்டிவிட்டார். அந்த நாதம்தான் மறுமுனையில் பெல்லின் காதில் விழுந்தது. கம்பி வழியே குரலையும் அனுப்பலாம் என்று அவருக்குப் புரிந்தது அதில்தான். பெல் யோசனை சொல்ல, முதல் தொலைபேசிக் கருவியைத் தன் கையால் செய்ததும் வாட்சன்தான். அமிலம் கொட்டிய கதைகூட அவர் பிற்காலத்தில் எழுதியதால்தான் நமக்குத் தெரியும். 1876 மார்ச் 10 அன்று பெல் எழுதிய குறிப்பில் அமிலம் இல்லை, வாட்சன் பெயர் இருக்கிறது. பெல்லே எழுதி வைத்த பெயரை நாம் எடுத்துவிடலாமா?

அப்புறம் தொலைபேசியின் மணி. ஆரம்பத்தில் ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் கருவியின் தகட்டைப் பென்சிலால் தட்ட வேண்டும். எதிர்முனையில் ஆள் பக்கத்தில் இருந்தால்தான் காதில் விழும். அதற்கு ஒரு வழி தேடித் தேடி 1878 வாக்கில் வாட்சன் உருவாக்கியதுதான் காந்த மணி. நான் தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்த காலத்தில் எத்தனையோ கறுப்புப் போன்களைத் திறந்து பழுது பார்த்திருக்கிறேன். இரண்டு கிண்ணம், நடுவில் சின்னச் சுத்தி, பின்னால் சுருளும் காந்தமும். நூறு வருடம் கழித்தும் அடிப்படை அதேதான். உதவியாளர் என்று சொல்லிக் கடந்து போகக்கூடிய வேலையா இது?

இது இன்று நேற்று வந்த வருத்தம் இல்லை. எங்கள் ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் திறப்பு விழாக் கல்வெட்டில் ஒரு வரிசைப் பெயர்கள் உண்டு. மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்ற பள்ளத்தில் இறங்கி, ஒவ்வொரு ஜோடிக் கம்பியாகத் தேடி இணைத்த கேபிள் ஜாயின்டர் யாருடைய பெயரும் அதில் இல்லை. புயல் அடித்து ஓய்ந்தால் லைன் வந்துவிட்டது என்று செய்தி வரும், லைன் தானாக வந்ததுபோல. தங்கள் இதழிலும் அப்படித்தான் வந்தது. அப்போதே ஒரு கடிதம் எழுதினேன், பிரசுரமாகவில்லை.

வாட்சன் 1881இல் தொலைபேசித் தொழிலை விட்டார். பிறகு கப்பல் கட்டும் தளம் ஒன்றை நிறுவினார். அமெரிக்கக் கடற்படைக்குப் போர்க்கப்பல் கட்டும் அளவுக்கு அது வளர்ந்தது. நாற்பது வயதுக்கு மேல் பாறைகளைப் பற்றிய நிலவியல் படித்தார், பிறகு கப்பல் தொழிலையும் விட்டுவிட்டு இங்கிலாந்தில் நாடகக் குழுவில் சேர்ந்து நடித்தார். 1915 ஜனவரி 25இல் அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தொலைபேசி இணைப்பைத் தொடங்கி வைத்தபோது, நியூயார்க்கில் பெல், சான்பிரான்சிஸ்கோவில் வாட்சன். 1876இல் சொன்ன “வாட்சன், இங்கே வாருங்கள்” என்பதையே பெல் மறுபடி சொல்ல, இப்போது வர ஒரு வாரம் ஆகும் என்றார் வாட்சன். பிள்ளைகள் ரசித்துப் படிக்கும் கதை இது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழின் மாணவர் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி போதும்: தாமஸ் வாட்சன், 1854–1934, முதல் தொலைபேசியைக் கையால் செய்தவர், அதன் மணியை உருவாக்கியவர். படமும் போட்டால் நல்லது. என் பேத்தி அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டியிருக்கிறாள், இதையும் பக்கத்தில் ஒட்டிக்கொள்வாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லைன்மேன் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்